பேராலயத்தில் ஒரு மூக்குத்தி

லண்டனில் நான் கல் செதுக்கிய பேராலயத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். மத்தியகாலத்தில் எழுப்பிய கோதிக் கட்டடம். அதைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றிக் கல்முகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் புகையும் மழையும் தின்று வெறும் உருண்டையாக்கிவிட்டன. மூக்கு எங்கே, வாய் எங்கே என்று கடவுளுக்கே தெரியாது. பழைய படமும் இல்லை.

இப்படியான இடத்தில் தெரியாத பழசைத் தெரிந்ததுபோல நடிக்கமாட்டோம். இன்று அங்கே உழைக்கும் ஒருவரின் முகத்தை வைப்பது வழக்கம். அந்தக் காலத்துச் சிற்பிகளும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு முந்தியவர்கள் மேஸ்திரியையும் மணியடிப்பவரையும் ஏற்றியிருந்தார்கள். நான் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன்.

கூடப்பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, வெஸ்ட் ஈலிங்கிலிருந்து முதல் ரயில் பிடித்து அந்தத் தரையைத் துடைப்பவர். என்னை ஊர் ஆள் என்று கண்டதும் தன் பிளாஸ்க் தேநீரில் பங்கு தரத் தொடங்கியவர்.

களிமண் மாதிரியைப் பேராலயத்தின் பராமரிப்புக் குழு பார்த்து, நல்ல முகம் என்று ஒப்புதல் தந்தது. அதில் மூக்குத்தி கடுகளவு. அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கடுகு தெரியாது. எல்லாவற்றையும் பெரிதாக, ஆழமாக வெட்டவேண்டும். கல்லில் மூக்குத்தி புளியங்கொட்டை அளவுக்கு வந்தது.

குழுவிலிருந்த ஒரு கனவான் முகத்தைச் சுளித்தார். முகம் இருக்கட்டும், அந்தக் குமிழ் இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை, எடுக்காவிட்டால் கல் மேலே போகாது என்றார். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். மாப்பை வாளிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஊரைவிட்டு வரேக்கை எல்லா நகையும் வித்தனான், இதை விக்கேல்லை. இது இல்லாட்டி அது நான் இல்லைப் பிள்ளை. கல்லு ஏறாட்டிலும் பரவாயில்லை, தட்டாதை."

"தட்டமாட்டன் அக்கா."

மறுபடி குழு பட்டறைக்கு வந்தபோது உளியையும் சுத்தியலையும் கனவானிடம் நீட்டினேன். "வேண்டாம் என்பவர் நீங்கள். நீங்களே தட்டுங்கள். என் கை தட்டாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன். பின்னால் எங்கள் பட்டறை மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கனவான் உளியை வாங்கவில்லை. மூக்குத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவ்வளவு உயரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். தெரியவேண்டும் என்றுதானே அவ்வளவு பெரிதாக வெட்டினேன்!

கல்லை மேலே ஏற்றிப் பதித்துச் சாரம் பிரித்த அன்று, வேலை முடிந்து வந்த அக்கா, போகிறவர் வருகிறவர் இடிக்க இடிக்க நடைபாதையில் அண்ணாந்து நின்றார்.

"எப்பிடியக்கா?"

"மூக்குக் கொஞ்சம் பெரிசுதான்" என்றார். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை. "இருக்கட்டும். நீ எந்த நாடு எண்டு இனி ஆரும் என்னைக் கேட்டா, வாய் திறக்கமாட்டன். மேலை பார் எண்டு கையைக் காட்டுவன்."