அம்மா போனில் வந்த விளம்பரம்

அம்மாவிடம் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். டாக்டர் உட்பட எல்லாரும் சொல்வது ஒரே பொய்.

இன்று மொரப்பூர் பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் புற்றுநோய் மருத்துவமனை விளம்பரம் வந்தது. பதறிப்போய் போனைப் பிடுங்கப் போனேன்.

"வுடு கண்ணு, கொஞ்ச நாளாவே இதான் வருது."

அந்தப் போனை வாங்கித் தந்தபோது என் மெயில் ஐடியைத்தான் போட்டுக் கொடுத்தேன். நான் என் போனில் புற்றுநோய் பற்றி ஒளிந்து ஒளிந்து தேடியதையெல்லாம் கம்பெனிக்காரன் விளம்பரமாக்கி அம்மாவிடம் காட்டியிருக்கிறான்.

"நீங்க எல்லாரும் மறச்சீங்க. இதாவது சொல்லுச்சே" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பெற்றவர்கள் போனில் தங்கள் ஐடியையே போட்டுக் கொடுத்த புத்திசாலிகள் இங்கே எத்தனை பேர்? உங்கள் வீட்டில் அந்தப் போன் என்ன சொல்லி வைத்திருக்கிறது?