வெள்ளிக்கிழமை ஓநாய்கள்

நீல விளிம்பு வைத்த எனாமல் பேசின் ஒன்று எங்கள் ராயபுரம் வீட்டில் இருந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்ட வாங்கியது. அக்கா அதை ஓநாய்களுக்குக் கறி எடுத்துப்போகும் பாத்திரமாக்கிவிட்டாள். அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அக்கா சளைத்தவளா, அவளும் பேசவில்லை.

ஓநாய்களோடு வேலை செய்ய என்ன படிக்க வேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண் இப்போது என்னிடம் கேட்கிறாள். படிப்பைப் பற்றிச் சொல்ல இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் என் அக்கா தன்னைத் தானே தயார்செய்துகொண்ட விதம் மட்டும்தான். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ரயிலேறி எண்ணூர் போவாள். உப்பளத்துக்கு அப்பால் உள்ள புதரருகே, நரிகள் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். எந்தப் பக்கம் காற்று, எந்த நரி முன்னால் வந்தது, எது பின்வாங்கியது என்று நோட்டில் எழுதுவாள். ஹார்பரில் கிரேன் ஓட்டிய அப்பா ஒருநாள், "இன்னாதாம்மா பாக்குற அங்க?" என்று கேட்டார். "அது என்னெப் பாக்காத வரிக்கும் பாத்துகினு கீறேன் நைனா" என்றாள். தெருவே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

அப்போது தெற்கத்தி வியாபாரி ஒருவர் மிருகங்களை வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கொட்டகைக்கு இரண்டு ஓநாய்கள் வந்தன. பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அக்கா போய் நின்றாள். பெண்பிள்ளையா என்று இழுத்தவர், அவளுடைய நோட்டைப் புரட்டிவிட்டு, ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். கசாப்புக் கடையில் எலும்போடு கறி வாங்கி, எங்கள் வீட்டில் கழுவி வெட்டி எடுத்துப்போக வேண்டும். நான்கு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. இயேசு மரித்த கிழமை என்பதால் எங்கள் வீட்டில் அன்று யாரும் கறி தொடமாட்டோம், மீன் மட்டும்தான். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் வஞ்சிரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு ஓநாய்களும் மோந்துபார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டன. கொட்டகைக் காவல்காரர் சொல்வதற்குள் அவளே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "ஒன் வீட்டு விரதத்த ஓநாய் தலையில எதுக்குக் கெட்டுத?" என்று அவர் கேட்டார். "அடுத்த வெள்ளிக்கிழம கறியோட வந்தா வேல. இல்லன்னா வராத." 'மீன் வைத்தேன், தொடவில்லை, தப்பு என்னுடையது' என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருந்தாள். காட்டு மிருகத்தோடு வேலைக்குப் போகிற யாரும் முதலில் கற்க வேண்டியது அதுதான் என்பேன். அதன் பசி நம் வீட்டுக் காலண்டரைப் பார்ப்பதில்லை.

அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "வெள்ளிக்கெழமையில கறி என் வூட்டு வாசப்படி தாண்டாது." அக்கா விடவில்லை. "நாம துண்றது இல்ல, சரி. ஓநாய்க்கு யாரும்மா ஞானஸ்நானம் குட்த்தாங்க?" அம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. அதை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் சம்மதிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அக்கா கறியை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவரவில்லை. தெருக்குழாயடியில் குந்தி உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க மாட்டுக்கறியை வெட்டினாள். கோயிலில் பூசை முடிந்து பெண்கள் முக்காட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாறு பேர் அவளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். "இன்னிக்கிப் போயி இன்னா கலீஜ் இது? பெத்தவ கேக்கமாட்டாளா?" என்றாள் ஒருத்தி. அக்கா நிமிரவில்லை, கத்தியையும் நிறுத்தவில்லை. 

வாசலில் நின்றிருந்த என்னைத் தள்ளிக்கொண்டு அம்மா தெருவில் இறங்கினாள். அக்காவை இழுத்துவரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பெண்களின் எதிரே போய், புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"எம் பொண்ணு வேலைக்கிப் போவுது. வழி வுடு."