அகர் தாங்கிய சவ்வு

ரமாபாய் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். அப்பா பீம்ராவ் ரயில்வேயில் ஃபிட்டர். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, 2003இல் ராயபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தாள். அதன் தலைவர் டாக்டர் கிருஷ்ணப்பன்.

உயிரணுவின் தோலில் உப்பு அயனிகள் போய்வர நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் தனியே ஆராய்வதற்காக அங்கே செயற்கைத் தோல் செய்தார்கள். பிளாஸ்டிக் தகட்டில் ஊசிமுனைத் துளை, இருபுறமும் உப்புநீர். துளையில் கொழுப்புக் கரைசலைத் தூரிகையால் தடவினால் இரண்டு மூலக்கூறு தடிமனில் சவ்வு படியும்; வாயிலை அதில் பதிப்பார்கள். பத்து நிமிடத்தில் கிழிந்துவிடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வாசலில் உறுமினால் அதுவும் இல்லை.

கிழிந்தபோதெல்லாம் கிருஷ்ணப்பன் அவளைத்தான் ஏசினார். சாக்கடை அள்ளுகிற கைக்கு இது வருமா என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். அவள் துளையைக் கழுவிவிட்டு மறுபடி தடவினாள்.

சவ்வுக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை என்பதுதான் கோளாறு என்று அவளுக்குப் பட்டது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரை உப்புநீரில் காய்ச்சி, துளையின் இரு பக்கமும் கூழாக உறையவைத்தாள். ஐந்து மாதம் தோற்றாள். கூழ் கெட்டியானால் சவ்வு படியவில்லை, இளகினால் தாங்கவில்லை. ஆறாம் மாதம் ஒரு சவ்வு மூன்று நாள் நின்றது. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருக்க, கணினித் திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு படி ஏறி, நின்று, இறங்கியது. ஒற்றை வாயில் திறந்து மூடுகிறது.

எல்லாவற்றையும் சுத்தமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார் கிருஷ்ணப்பன். கொடுத்தாள். அடுத்த ஆண்டு கட்டுரை வந்தது. அவர் பெயரும் ஜெபின் என்ற மாணவனின் பெயரும் இருந்தன. நன்றி சொன்ன இடத்தில்கூட அவள் இல்லை.

போய்க் கேட்டாள்.

"வீடு கட்டினா கொத்தனார் பேரையா வாசல்ல எழுதுறாங்க?" என்றார் நிமிராமல். "உன்ன உள்ள விட்டதே பெருசு."

அந்த மாதத்தோடு வேலை போனது.

ஜெபினுக்குச் சவ்வு நிற்கவே இல்லை. எட்டு மாதம் கழித்து, வெளிநாட்டு விருந்தினர் வருவதால் ஒருநாள் வந்து செய்துகொடுக்கும்படி ஆள் அனுப்பினார்கள். பீம்ராவ் கொதித்தார்.

"மானங்கெட்டு இன்னாத்துக்கும்மா போற?"

"அந்தக் கோடு ஏர்றத இன்னொரு வாட்டி பாக்கணும் நைனா," என்றாள்.

போனாள். ஒரு மணி நேரத்தில் சவ்வு நின்றது. திரையில் கோடு அசையத் தொடங்குமுன் விருந்தினர் வந்துவிட்டார்கள். அவள் நாற்காலியில் ஜெபின் உட்கார்ந்தான். அவள் கையில் டீத் தட்டைக் கொடுத்தார் கிருஷ்ணப்பன். எட்டுப் பேருக்கும் டீ கொடுத்தாள். அவர்கள் முதுகுகளுக்கு அப்பால் திரை தெரியவில்லை. யாரோ வியந்து பேசுவது மட்டும் கேட்டது.

பிறகு மணலியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள். டப்பாவுக்கு ஒரு சொட்டு எடுத்து, தகட்டில் தடவி, காய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது வேலை. இன்றும் அதைத்தான் செய்கிறாள்.