கொடி மறைத்த இடம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் புலம்பெயர்ந்து வந்த பாசல் நகரில் ஒரு இரசாயன நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுத்த முதல் வருடங்கள். ஒரு மாதிரியை எங்கே எடுத்தேன், எதில் எடுத்தேன், எடுக்குமுன் எதால் துடைத்தேன் என்று எல்லாவற்றையும் பதிய வேண்டும். பதியாத எதுவும் நடக்கவில்லை என்று எங்கள் பிரிவுத் தலைவி முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. நீதிமன்றமும் அப்படித்தான் இயங்கும் என்று நம்பியிருந்தேன். அது உண்மையிலேயே அப்படித்தான் இயங்குகிறது.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவருக்கு ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. நல்ல சமையல்காரர், கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு முதலில் கூப்பிடப்படுகிறவர். மனைவி அவருடைய விசாவில் வந்தவர். நான் அவரை அக்கா என்றும், கணவரை அண்ணை என்றும் கூப்பிடுவேன். படிக்கட்டில் கண்டால் பேசுகிற அளவுதான் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை காலை நிலவறையில் பொதுச் சலவை அறையில் நின்றேன். அது என் முறை. அக்கா கூடை இல்லாமல் இறங்கி வந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், குரல் வரவில்லை.

"என்ன அக்கா, தடிமனோ?"

"தடிமன் இல்லை. அவர் கழுத்தைப் பிடிச்சவர்."

"எப்ப?"

"இப்பதான். தேத்தண்ணி இன்னும் ஆறேல்லை."

அண்ணையைக் கேட்காமல் அக்கா டொச் மொழி வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம். அதற்காக. கழுத்தில் கிடந்த தாலிக்கொடியோடு சேர்த்துப் பிடித்து அவர் முறுக்கினார், அக்காவுக்குக் கண் இருண்டது, பிறகு பார்த்தால் யன்னலடியில் கிடக்கிறார். கண் விழித்தபோது அண்ணை மேசையில் பாண் வெட்டிக்கொண்டிருந்தாராம். அக்கா இவ்வளவையும் சொல்லிவிட்டு எச்சில் விழுங்க முயன்றார். விழுங்குவதற்குத் தலையை ஒரு பக்கம் சரிக்க வேண்டியிருந்தது. என் சலவை இயந்திரம் அதுபாட்டுக்குச் சுற்றியது. அதை அப்படியே விட்டுவிட்டு இருவரும் டிராம் ஏறி வைத்தியசாலைக்குப் போனோம்.

வைத்தியர் இளைஞர், மிகவும் பண்பானவர். குரல் அடைப்பைக் குறித்தார். கண் இமைகளை மடக்கி, மூச்சு அடைபட்டால் வரும் இரத்தப் புள்ளிகளைத் தேடினார், இல்லை. தாடைக்குக் கீழே ஒரு சிவப்பு. பிறகு, கழுத்தைப் புகைப்படம் எடுக்க வேண்டும், சங்கிலியைக் கழற்றச் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன்.

அக்கா இரண்டு கையாலும் கொடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். "ஏலாது எண்டு சொல்லும்."

"படத்துக்கு மட்டும்தான் அக்கா. உடனே போடலாம்."

"மனுசன் உயிரோட இருக்கேக்க கழட்டுறதோ? என்ன கதை கதைக்கிறீர்?"

"அந்த மனுசன்தானே இதாலை முறுக்கினவர்."

"அது அவர் செய்தது. இது நான் செய்யிறது."

நான் வைத்தியருக்கு விளக்கினேன். முறுக்கிய தடம் கொடிக்குக் கீழேதான் இருக்கும், அதைப் பார்க்காவிட்டால் எதையும் பார்த்ததாக ஆகாது, கொஞ்சம் நேரம் கொடுங்கள், நான் பேசிப்பார்க்கிறேன் என்றேன். அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். "மத விடயம் என்றால் வேண்டாம். நாங்கள் அதை மதிக்கிறோம்." பிறகு கொடி கிடந்தபடியே, அதைப் பொத்திய இரண்டு கைகளோடு படம் எடுத்தார். தடிப்பான கொடி, பக்கத்தில் ஒரு அளவுகோல். நகையால் மறைந்த பகுதி பரிசோதிக்கப்படவில்லை, மதக் காரணம் என்று அறிக்கையில் எழுதினார். அது முழுதும் சரியான பதிவு. நான் ஆய்வுகூடத்தில் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அன்றே அக்கா பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். அண்ணையைச் சில நாட்கள் மறித்து வைத்து விசாரித்துவிட்டு விட்டார்கள். அவர் டீட்டிகோன் என்ற வேறு ஊரில் ஒரு நண்பர் வீட்டில் போய் இருந்தார்.

வழக்கு எங்கே போகும் என்று அக்கா ஒவ்வொரு மாலையும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கம் இல்லை. அதனால் மேலதிக நேர வேலைக்குக் கிடைத்த விடுமுறைகளில் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போய், பொதுமக்களுக்கான வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் போகலாம். என்னைத் தவிர அநேகமாக ஓய்வூதியக்காரர்கள்தான் இருந்தார்கள், மத்தியானச் சாப்பாடு வரை நேரம் போக்க.

கழுத்து நெரிப்புக்கென்று தனிக் குற்றம் ஒன்றும் இல்லை. உயிருக்கு ஆபத்து விளைவித்தது என்று பார்ப்பார்கள், அல்லது சாதாரண உடற்காயம் என்று பார்ப்பார்கள். முதலாவது என்றால் அரசே வழக்கை நடத்தும். இரண்டாவது, கணவன் மனைவிக்குள் என்றால், மனைவி முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றதும் முடிந்துவிடும். எதற்குள் போகிறது என்பதை நான் பார்த்த வழக்குகளில் வைத்திய அறிக்கையின் ஒரு பந்திதான் தீர்மானித்தது. ஒருவரின் மனைவிக்குக் கண்ணில் புள்ளிகள் இருந்தன, அவருக்குத் தண்டனை கிடைத்தது. சிறைக்குப் போகத் தேவையில்லாத, ஒத்திவைத்த தண்டனை. வெளியே வந்து வாசலில் சிகரெட் பற்ற வைத்தார். இன்னொருவரின் மனைவிக்குப் புள்ளிகள் இல்லை. கொல்ல நினைத்தீர்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை, சத்தம் போடாமல் இருக்கத்தான் பிடித்தேன் என்றார் அந்த ஆள். பிடித்தால் சத்தம் வராது என்று தெரிந்தவருக்கு மூச்சும் வராது என்று தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. வழக்கு சாதாரண உடற்காயமானது. மனைவி முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார். ஓய்வூதியக்காரர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எழுந்து போனார்கள். இருவருமே இந்த நாட்டுக்காரர்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டும் நடக்கிறது என்று நினைத்துப் போன நான், அப்படி இல்லை என்று கண்டு ஆறுதல் அடையவில்லை.

அக்காவை அரச வழக்குரைஞரின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். மொழிபெயர்க்க அவர்களுடைய ஆள் இருந்தார், நான் சுவரோரம் இருந்தேன். எவ்வளவு நேரம் மயங்கியிருந்தீர்கள் என்று வழக்குரைஞர் கேட்டார். அக்கா யோசித்தார். மயங்கிக் கிடந்தவளிடம் மயக்கத்தின் நீளத்தைக் கேட்கிறார்களே என்று எனக்கு இருந்தது.

"நான் எழும்பேக்க அவர் பாண் வெட்டி முடியேல்லை" என்றார் அக்கா.

அது நேரமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

படத்தை மேசையில் வைத்தார்கள். கொடிக்கு மேலே ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அது வருடக்கணக்காக நகை போட்டதால் வந்த கறுப்பாகவும் இருக்கலாம் என்று அண்ணையின் சட்டத்தரணி எழுதியிருந்தார். அப்படியும் ஒரு கோடு அக்காவின் கழுத்தில் இருந்தது உண்மை, கொடி போடுகிற எங்கள் பெண்கள் எல்லோருக்கும் இருக்கும். எது பழைய கோடு, எது அந்தச் சனிக்கிழமைக் கோடு என்று பிரித்துக் காட்டப் படம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்பதை நிரூபிக்க முடியாது, அந்தக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், மற்றதைத் தொடர்வது உங்கள் விருப்பம் என்றார் வழக்குரைஞர். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவர் தன் மனைவியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா என்னையும் மேலே கூப்பிட்டு வைத்திருந்தார்.

"அவனுக்கு விசா போனா உமக்கும் போகும், பிள்ளை. பிறகு ரெண்டு பேரும் ஒரே பிளேனிலைதான். அங்கை என்ன நடக்குது எண்டு தெரியும்தானே?"

அது பொய் இல்லை. ஊரில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது.

"கழுத்தைத் திருகிறவரோட இருக்கச் சொல்லுறீங்களோ, ஐயா?" என்று நான் கேட்டேன்.

"நீர் ஆய்வுகூடத்திலை வேலை. கெட்டிக்காரி. ஆனா குடும்பம் அளந்து ஊத்திற சாமானில்லை."

அவர் மனைவி இருந்த இடத்தில் இருந்து எழும்பாமலே அக்காவின் கழுத்தைக் காட்டினார். "தாலியைக் கழட்டமாட்டன் எண்டு டொக்டரோடையே நிண்டவளாம். அப்பிடியான பிள்ளை புருசனை விடுவாளோ?"

அது பாராட்டு. அறை முழுக்க அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அக்காவும் தலையைக் குனிந்து, கொஞ்சம் சிரித்தார்.

அந்த வாரமே அக்கா முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார். வழக்கு முடிந்தது. அண்ணை ஒரு பயணப் பையோடு திரும்பி வந்தார், படிக்கட்டில் எனக்கு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். ஒரே கட்டடத்தில் வேறு என்ன செய்வது?

அடுத்த வருடம் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அதே வைத்தியசாலையில், கீழ்த்தளத்துச் சமையலறையில். அங்கிருந்த எங்கள் ஆட்கள் சொல்லி எடுத்தது. அண்ணை மறுக்கவில்லை, சமையலறை அவருக்கு விளங்குகிற இடம். ஒரு நாள் இரத்தப் பரிசோதனைக்குப் போன நான் இறங்கி அக்காவைப் பார்க்கப் போனேன். வெள்ளை அங்கியும் தலையில் வலையுமாகக் கதவுக்கு வெளியே வந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. கறுப்புக் கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"கொடி எங்கை அக்கா?"

"இஞ்சை நகை போடக்கூடாதாம். சாப்பாட்டுக்குள்ள விழுந்திடுமாம். முதல் நாளே ஒருத்தி வந்து கழட்டு எண்டாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? வேலையெல்லோ. கழட்டினன். லொக்கருக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, போகேக்க போட்டுக்கொண்டு போறன்."

உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, மேல்தளத்தைக் கண்ணால் காட்டினார்.

"டொக்டர்மார் மேலதானே. என்ரை மனுசனுக்கு இனிக் கோவம் வாறதெண்டா வேலை நேரத்திலை வரட்டும். லிப்டிலை ஏறிப் போவன், படம் எடுக்கக் கழுத்து ரெடியா இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். குரல் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முழுதாகத் திரும்பி வரவேயில்லை, சிரிப்பிலும் அந்தக் கரகரப்பு இருந்தது. அன்றைய அடைப்பு அறிக்கையில் இருந்தது, அது நிலைத்துப்போனது எதிலும் இல்லை. அதைப் பதிய வேண்டிய நேரத்துக்கு வழக்கு முடிந்துவிட்டிருந்தது.