தவளையை மிதித்துவிட்டுத் தொட்டுக் கும்பிட்டவள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் இன்னமும் அந்தப் பேச்சு ஓயவில்லை. என் பேத்தியைப் போன் விளையாட்டு கெடுத்துவிட்டதாம். படித்த மாஸ்டர் நானே அதைக் கையில் கொடுத்தேனாம். பேசட்டும். நான் அந்த விளையாட்டின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அப்படி நிற்பதற்கு முன்னால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

கொழும்பில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை செய்யும் என் மகன், புதுப் போன் வாங்கியதும் பழையதை வீட்டில் விட்டுப் போனான். கண்ணாடி வெடித்திருந்தது. யட்டியாந்தோட்டை பஜாரில் அதை மாற்றக் கொடுத்தோம். கடைக்காரர் மருமகளின் இடுப்பில் இருந்த என் பேத்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கேட்காமலே ஒரு விளையாட்டையும் போட்டுக் கொடுத்தார். "லமயின்ட ஹொந்தாய்" என்றார் சிங்களத்தில். பிள்ளைகளுக்கு நல்லதாம்.

பஸ்ஸில் ஏறியதும் மருமகள் சொன்னாள்: "அவரு எல்லாப் புள்ளைக்கும் இதையேதான் சொல்வாரு மாமா. நீங்க பாத்துட்டு சொல்லுங்க. நீங்க சரின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது, மருந்துச் சிட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எதற்கும் என்னிடம்தான் வருவார்கள். தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய். இதற்கும் சொல்ல உட்கார்ந்தேன்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டும் வேலை இல்லாததால் மருமகள் வீட்டிலேயே இருந்து அடுப்பருகே விறகைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளையாடினேன். ஓர் ஆட்டுக்குட்டி மலைப்பாறைகள் மேல் தானாகவே ஓடும். திரையில் எங்கே தொட்டாலும் குதிக்கும். பாறைக்குப் பாறை தாவ வேண்டும், இடையில் வரும் பள்ளத்தில் விழக்கூடாது, தொங்கும் பழங்களைப் பிடிக்க வேண்டும். கடைசியில் ஒரு தொங்கு பாலம். வழியில் தவளைகள் உட்கார்ந்திருக்கும். அவற்றின் தலையில் மிதித்துத்தான் அடுத்த பாறைக்கு ஏற முடியும்.

துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை, முகம் தெரியாத யாரும் உள்ளே வந்து பேசுவதில்லை. விழுந்தால் திட்டுவதில்லை, விழுந்த இடத்திலேயே ஆட்டுக்குட்டியைத் திரும்ப நிற்க வைக்கிறது. அது என்னைக் குத்தியது. விழுந்த பிள்ளையை அத்தனை பொறுமையாக நான் ஒருநாளும் நிற்க வைத்ததில்லை. பிரம்பு வைத்திருந்தேன்.

தவளை விஷயத்தில் மட்டும் யோசித்தேன். மிதிபட்டதும் அது சப்பட்டையாகி, இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு, மறுபடி உப்பிக்கொண்டு தத்திப் போனது. சாகவில்லை. சரி என்று முடிவு செய்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் விளையாடலாம் என்றேன். மருமகள் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா திறந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர், தோட்டத்துக் கைப்பிள்ளைகள் எல்லாருக்கும் இரண்டாவது தாய். "தலைய மிதிக்கிற வெளையாட்டா மாஸ்டர்? நாளைக்கு இங்க வந்து கைப்புள்ள தலையில ஏறுவா."

"நீங்க பந்து குடுத்திருக்கீங்களே, அத எத்தன ஒத ஒதைக்கிறாங்க. யாராவது பந்துக்காக அழுதாங்களா?"

பிள்ளையைத் தூக்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பேத்தி பழங்களை நன்றாகப் பிடித்தாள். பள்ளங்களையும் தாண்டினாள். ஆனால் எப்போதும் தவளைக்குப் பிறகே விழுந்தாள். கை பழகவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆட்டுக்குட்டி தவளையை மிதித்த உடனே அவள் விரல் போய்த் தவளையைத் தொடும். பிறகு அந்த விரல் வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் போகும். தொட்டதும் ஆட்டுக்குட்டி மறுபடி குதித்துப் பள்ளத்தில் விழும்.

எங்கள் வீட்டில் காலில் எது பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். புத்தகம், அரிசி, பால் வெட்டும் கத்தி, இன்னொருவர் கால். மருமகள் காலையில் முதல் மரத்தை வெட்டுவதற்கு முன்னால் மரத்தையே தொட்டுக் கும்பிடுகிறவள். பிள்ளை பேசுவதற்கு முன்பே இதைப் பழகிவிட்டாள்.

"தாத்தா, நான் மட்டும் ஏன் செத்துச் செத்துப் போறேன்?"

"கும்புடுறதுனாலதான். அது தவளை இல்லம்மா, படம். உசுரு இல்ல. கும்புடாம நேரா போ."

"கால் பட்டுச்சே."

"இதுக்கு வேணாம்."

அவளுக்கு மறந்து போகும். விரல் கண்ணை நோக்கிப் போகும்போது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். ஒருமுறையல்ல, அவள் அந்தப் பழக்கத்தை விடும்வரை. அவள் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு. பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. தாண்டினாள். இன்னொரு மலை இருந்தது.

மழை விட்டது. மருமகள் மறுபடி வேலைக்குப் போனாள். ஒரு மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பாயில் சாய்ந்திருந்தாள். ஓடி வந்த பேத்தி அவள் கையை மிதித்துவிட்டு அப்படியே தாண்டிப் போனாள்.

"ஏய், இங்க வா. என்ன மறந்துட்ட?"

பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கும்புட்டா செத்துருவேன்."

மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். "என்ன மாமா சொல்றா இவ? அந்த கேம்லயா படிச்சா?"

இல்லை, நான் சொன்னது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "அப்பிடித்தான் போல" என்றேன். அவள் போனை எடுத்து என் கண் முன்னாலேயே விளையாட்டை அழித்தாள். பேத்தி அழவில்லை. ஆட்டுக்குட்டி எங்கே போனது என்று என்னிடம்தான் கேட்டாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

கதை மடுவத்துக்குப் போய்விட்டது. மறுநாள் பிள்ளையைக் கூட்டி வரப் போனபோது அந்த அம்மா வாசலிலேயே நின்றார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா மாஸ்டர்? பந்துக்கு யாரு அழுதான்னு கேட்டீங்க. இப்ப தாய் கைய மிதிச்சிட்டுப் போறா."

பெண்கள் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த பேத்தி கேட்டதுதான் உறைத்தது. "கேம் கெட்டதா தாத்தா? நானும் கெட்ட புள்ளையா?"

"கேம் ஒண்ணும் செய்யல" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "அந்தத் தவளைக்கும் இவ கும்புட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நான்தான் வேணாம்னேன். கையப் புடிச்சு நிறுத்தினேன்."

"அனே, நீங்களா?" என்றார் அந்த அம்மா.

"நான்தான்."

"சரி மாஸ்டர், கேம் போனது போனதாவே இருக்கட்டும். இனி என்னத்துக்கு அது?"

"இல்ல. நாளைக்கே திரும்பப் போடப்போறேன். கெடுத்தது நான். தண்டன மட்டும் புள்ளைக்கா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிலை ஆட்டப் போனார். இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

மருமகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. விரலில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"சொல்லியிருக்கணும்."

"திரும்பக் குடுத்தா பழையபடி கும்புடுவாளா?"

"தெரியாதும்மா."

உரித்த பாலை உருண்டையாக்கி அடுப்பில் போட்டாள். "போட்டுட்டு வாங்க. ஆனா இனி உங்க பொறுப்பு."

மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆட்டுக்குட்டி முதல் பாறையிலிருந்து மறுபடி தொடங்கியது. பேத்தி மடியில் உட்கார்ந்து விளையாடினாள். முதல் தவளை வந்தது. மிதித்தாள். விரல் கண்ணுக்குப் போகவில்லை.

"தவளைக்குக் கும்புடலையாம்மா?"

"அது படம் தாத்தா. உசுரு இல்ல."

நான் சொன்ன சொல். போனை வாங்கி நானே விளையாடினேன். தவளையை மிதித்தேன், தொட்டேன், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். ஆட்டுக்குட்டி பள்ளத்தில் விழுந்தது.

"செத்துட்டீங்க தாத்தா."

மறுபடி மிதித்தேன், மறுபடி கும்பிட்டேன், மறுபடி விழுந்தேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை.

கடைசியில் பேத்திக்கு என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். திரையின் மூலையில் இரண்டு கோடு போட்ட சின்னப் பொத்தானைக் காட்டினாள். "அம்மா சாப்பிடக் கூப்புட்டா நான் இதத்தான் அமுக்குவேன். எல்லாம் நின்னுரும். அப்புறம் எங்க தொட்டாலும் ஓடாது. இப்ப கும்புடுங்க."

தவளையை மிதித்ததும் அதை அமுக்கினேன். ஆட்டுக்குட்டி அந்தரத்தில் நின்றது. கீழே தவளை பாதி கண்ணை மூடியபடி இருந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவளும் தன் விரலை நீட்டித் தவளையைத் தொட்டாள். என்னோடு சேர்ந்து விளையாடத்தான் செய்தாளா, மனதோடு செய்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. அவள் கையை நான் பிடிக்கவில்லை.

அந்த விளையாட்டு சின்னப் பிள்ளைக்கு ஏற்றதுதான். முதலில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஒவ்வொரு தவளைக்கும் நிறுத்தி நிறுத்தி ஆடுவதால் எங்கள் ஆட்டுக்குட்டி இன்னும் பாலத்துக்குப் போய்ச் சேரவில்லை. மடுவத்தில் யாராவது கேட்டால் அதையும் சொல்வேன்.