மழைக்கு ஒரு புள்ளி

விடியற்காலையில் தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கினால், கேகாலைப் பக்கத்து எங்கள் றப்பர் தோட்டத்தில் பெரியவர்களெல்லாம் பிள்ளைகளாகிவிடுவார்கள். மரப்பட்டையை வெட்டிப் பால் பிடிக்கும் சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் வீணாகிவிடும் என்பதால், கங்காணி "இன்னைக்கு வெட்டு இல்ல" என்று லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் சொல்லிக்கொண்டே போவார்; எழுந்து வெளியே எட்டிப்பார்த்த தகப்பன்மார் அப்படியே திரும்பிப்போய்ப் போர்வைக்குள் நுழைந்துகொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் தடித்த ரொட்டியும் மிளகாய் இடித்த "லுணுமிரிஸ்" சம்பலும் மணக்கத் தொடங்கும். எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கொண்டாட்டம் கிடையாது. அப்பா தோட்டத்துக் கந்தோரில் கிளார்க். மழையோ வெயிலோ, கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர்மேல் எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்னோட்டமாக டவுனிலிருந்து ஒரு மிஸ் "நுண்ணறிவு"த் தாளோடு வந்தார். நல்ல புள்ளி எடுப்பவர்களுக்கு டவுனில் சனிக்கிழமை வகுப்பு உண்டு. என் பக்கத்தில் உட்காரும் கமலா ஒரு மாதமாக அந்த வகுப்பையே நினைத்துக்கொண்டிருந்தாள். கேகாலை பஸ் எத்தனை மணிக்கு என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். பென்சில் எடுக்காமலே பெருக்கல் கணக்குப் போடுகிறவள் அவள். நானோ விரலை மடக்கி எண்ணுகிற ஆள்.

அந்தத் தாளின் ஒரு கேள்வியில் நான்கு படங்கள் இருந்தன. ஒருவர் தூங்குகிறார், ஒருவர் எழுந்து சோம்பல் முறிக்கிறார், ஒருவர் வாசலில் நின்று மழையைப் பார்க்கிறார், ஒருவர் குடையோடு நடந்துபோகிறார். எல்லாம் ஒரே ஆள்தான். படங்களைச் சரியான ஒழுங்கில் வைக்கவேண்டும், அவ்வளவுதான் கேள்வி.

அடுத்த கிழமை மிஸ் திருத்திய தாள்களோடு வந்தபோது முகம் இறுகியிருந்தது. "பன்னிரண்டு பேரில பதினொரு பேர் ஒரே பிழையை எழுதியிருக்கிறீங்க. யாருட தாளைப் பார்த்து எழுதினீங்க?" என்று கேட்டார். அந்தப் பதினொரு பேரின் ஆளும் முதலில் எழுந்து, மழையைப் பார்த்து, பிறகு தூங்கி, கடைசியில் குடையோடு போயிருந்தார். என்னை எழுப்பி நிறுத்தி, "இவ மட்டும்தான் மூளையைப் பாவிச்சிருக்கிறா. மற்றத் தாளெல்லாம் செல்லாது" என்றார். விஷயம் என்னவென்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு பேரில் ஒரே மூளைக்காரி என்ற பெருமை அவ்வளவு இனித்ததால், பக்கத்தில் கமலாவின் கண் கலங்குவதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கமலாவே எழுந்துவிட்டாள். "காப்பி அடிக்கலிங்க மிஸ். அந்தாளு எந்திரிச்சுப் பாக்குறாரு, மழை பேயுது, திரும்பப் படுத்துக்கிறாரு. மழைக்கு யாருங்க மிஸ் பால் வெட்டப் போவாங்க?"

மிஸ் தாளை ஒருமுறை பார்த்தார். "சரி, அப்ப குடையோட எங்க போறார்?"

"மத்தியானம் கடைக்குங்க, கருவாடு வாங்க."

"இல்லிங்க மிஸ், கேரம் அடிக்கப் போறாரு" என்றான் கடைசி வாங்கில் உட்காரும் ராஜு. "எங்கள கூட்டிப்போக ஸ்கூலுக்கு வர்றாருங்க" என்றது இன்னொரு குரல். "மாமியார் வீட்டுக்கு" என்றது மற்றொன்று. ஒவ்வொருவரும் தன் அப்பா போகிற இடத்தையே அடித்துச் சொல்ல, வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. பார்த்து எழுதியவர்களாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே கதையல்லவா இருந்திருக்கும்? மிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படிச் சரியா எழுதினீங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா கந்தோருங்க மிஸ். மழைக்கும் போவாரு" என்றேன். அந்தத் தாள் அளந்தது என் மூளையை அல்ல, அப்பாவின் குடையை. மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினொரு தாளிலும் ஒரு புள்ளி சேர்த்துக்கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் கமலா என்னைவிட ஒன்பது புள்ளி கூட. சனிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துத்தான் நான் சமாதானமானேன்.

கமலா இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கொழும்பில் இருக்கிறேன். போன மாதம் போன் எடுத்தவள், அந்தப் பழைய கேள்வியைத் தன் வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்ததாகச் சொன்னாள்.

"எல்லாப் பிள்ளைகளும் சரியா எழுதிட்டாங்கடி."

"பரவாயில்லையே, புத்தி கூடிருச்சா?" என்று சிரித்தேன்.

"புத்தியுமில்ல ஒன்னுமில்ல. மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக்கில பாவாடை கட்டி விட்டிருக்காங்க, தண்ணி சிரட்டைக்கு எறங்காது. மழைன்னாலும் வெட்டுத்தான். நாள் சம்பளம் தப்பாம கெடைக்குது, நல்லதுதான்."

போனை வைக்கிறதுக்கு முன் சொன்னாள்: "ஆனா அந்தாளு திரும்பப் படுத்துக்குவாருன்னு ஒரு பிள்ளைக்குக்கூடத் தோணலடி."