பத்து மணித் தேநீர்

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் நல அலுவலராக நான் சேர்ந்த புதிது. பத்து மணிக்கு மேல் பெண்கள் பறிக்கும் கொழுந்து குறைகிறது, ஏனென்று பார்த்து வாருங்கள் என்றார் மேனேஜர்.

மலையில் முதலில் கண்ணில் பட்டது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஒடிசலான உடம்பு, இடுப்பைச் சுற்றிச் சாக்கு, கறையேறிக் கறுத்த விரல்கள். பத்து மணிக்குத் தேநீர் வந்தது. வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தேயிலைச் செடியின் தூரிலேயே ஊற்றிவிட்டார்.

“டீ நல்லா இல்லீங்களாம்மா?” என்றேன்.

“தேத்தண்ணி நல்லாத்தான் இருக்கு ஐயா. குடிச்சா எங்க போய் ஒதுங்குறது? மேலயும் கீழயும் ஆம்பளைங்க மருந்தடிக்கிறாங்க. குடியிருக்கிற லயத்துக்குப் போய் வந்தா அரை நாள் சம்பளத்த வெட்டிருவாங்க.”

“காலையில இருந்து தண்ணியே குடிக்கலீங்களா?”

“வெயில் ஏறினா தலை சுத்தும், கை ஓடாது. அந்திக்கு வீட்டுல போய்க் குடிச்சுக்குவேன்.” பேசும்போதும் அவர் கை கொழுந்திலேயே இருந்தது.

மலையில் கழிப்பறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்ற வரி மட்டும் மேனேஜருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே பதினொன்றரைக்கு இன்னொரு தேநீர் கொடுக்க உத்தரவு போட்டார். என்னைப் பாராட்டவும் செய்தார்.

முதல் நாள் தேநீர் கேனோடு நானும் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கைகளாலும் டம்ளரை வாங்கினார். உதட்டை நனைத்துக்கொண்டு, மிச்சத்தை ஊற்றச் செடிப் பக்கம் குனிந்தார்.

நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்த மலையில் அவருக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.